இரண்டு பை ஐஸ்

தெலுக் பஹாங் ரவுண்டபோட்டுக்கு இந்தப் பக்கம்
பெட்ரோல் நிலையத்தில் நான் காசாளர்.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு அவர்கள் வாங்கியது
கரி ஒரு மூட்டை, கொசுவர்த்தி,
மத்தி டின் மூன்று, ரொட்டி,
இரண்டு பை ஐஸ்.
மிட்டாய் அடுக்கருகே பையன் குதித்துக்கொண்டிருந்தான்.
செருப்பில் சிவப்பு விளக்கு,
இடது காலில் மட்டும் எரிந்தது.

சனிக்கிழமை காலை அவன் பெயர் நவிலன் என்றார்கள்.
மூன்றரை வயது.
ஆற்றோரக் கூடாரத்தில் படுத்தவன்
விடிந்தபோது இல்லை.

போலீஸ் கேட்டது, ரசீதைக் கொடுத்தேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மதியம் சொர்ணம் அக்கா
"நீதானே பார்த்தே" என்று
நாசி லெமாக்கில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்.
முட்டைக்கு ஈடாக எதையாவது தர வேண்டியிருந்தது.
ரெண்டு பை ஐஸ் வாங்கினாங்க, என்றேன்.

இருட்டுவதற்குள் இரண்டு நாலானது.
மூணு பேருக்கு எதுக்கு அவ்வளவு ஐஸ்,
பத்து பெரிங்கி வேன்காரர் கேட்டார்,
மீன் பிடிக்கிற ஆளுங்க மாதிரியும் தெரியலையே.
ஆயர் ஈத்தாம் சந்தையில்
ஐஸ் ஒரு பெட்டிக்குள் போனது.
பெட்டியின் நீளத்தை ஒருவர் கைகளால் காட்டினார்.
மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்,
கொஞ்ச நேரம்.

நான் விற்றது உருகுகிற பொருள்.
ஊருக்குள் போய்
அது உறைந்துகொண்டே வந்தது.

அப்பா சொந்த அப்பா இல்லையாம்.
அம்மா அழவே இல்லையாம்.
அழுதாளாம், ஆனால் மூக்குத்தியைக் கழற்றாமல் அழுதாளாம்.
காட்டில் ஓராங் பூனியான் எடுத்து வளர்க்கிறதாம்,
சோறு ஊட்டுகிறதாம்,
பத்து வயதில் திருப்பித் தருமாம்.
தாய்லாந்துப் பக்கம் படகு போய்விட்டதாம்.
இரவில் தேடப் போனவர்கள்
செருப்பின் சிவப்பு வெளிச்சம் தெரியாதா என்று
டார்ச்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு
இருட்டில் மூச்சடக்கி நின்றார்களாம்.
பொம்பாவின் நாய்கள் ஒரே பாறையில்
மூன்று முறை உட்கார்ந்தனவாம்.
(கடைசியாகச் சொன்னது உண்மை.
நாய்களுக்குக் களைத்துவிட்டது.)

நாலாம் நாள் மழை. தேடுதல் நின்றது.
புதன்கிழமை நம்பர் கடையில் வாசல் வரை வரிசை.
பாதிப் பேர் அவர்களுடைய மைவியின் எண்ணைக் கட்டியிருந்தார்கள்.
விழுந்தது.
பெரிய பரிசு இல்லை,
ஆறுதல் பரிசு.
அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறேன்.
சொர்ணம் அக்கா எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்து அவள் வந்தாள், தனியாக.
மூக்கில் ஒன்றுமில்லை.
எதையும் எடுக்காமல் வரிசையில் நின்று
தன் முறை வந்ததும் கேட்டாள்:
வெளியில இருக்கிற கேமராவுல
கார் பின்கண்ணாடி தெரியுமா?

முப்பது நாளில் அது தானாக அழிந்துவிடும்.
எப்படிச் சொல்வது.
என்னிடம் மிச்சமிருந்ததைக் கொடுத்தேன்.
மிட்டாய் பக்கத்துல குதிச்சுக்கிட்டு இருந்தான்மா,
செருப்புல லைட்டு.

அவள் என்னையே பார்த்தாள்.
"அவன் இறங்கவே இல்லையே.
கார்லயே தூங்கிட்டான்.
எழுப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன்."

குளிர்பெட்டியின் மோட்டார் நின்று
மறுபடி ஓடியது.
யார் வீட்டுப் பிள்ளையை
இத்தனை நாளாகக் காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்?

அவள் போகவில்லை.
கல்லா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி
மெதுவாகக் கேட்டாள்:
"எந்தக் கால்னு சொன்னீங்க?"

பின்னால் நின்றவர்
நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினார்.
நாலாம் பம்ப், இருபது ரிங்கிட்.